கல்லெறி தூரமும் ஏவுகணைத் தூரமும்: நடுத்தர தூர வான் ஏவுகணைகள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

போர் விமானம் பற்றிய எந்தச் செய்தி வந்தாலும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: அதன் ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் போகும்? ஒன்றுக்கு 80, இன்னொன்றுக்கு 110, வேறொன்றுக்கு 145 என்று எண்கள் வரும். பெரிய எண் வைத்திருப்பவர் வென்றார், சிறிய எண் வைத்திருப்பவர் தோற்றார் என்று பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான். அந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் அவற்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது.

தமிழில் கல்லெறி தூரம் என்று ஓர் அளவு உண்டு. அது எவ்வளவு? எறிகிறவர் மேட்டில் நிற்கிறாரா, பள்ளத்தில் நிற்கிறாரா, ஓடிவந்து எறிகிறாரா, நின்ற இடத்திலிருந்து எறிகிறாரா, எறிபடுவது அவரை நோக்கி வருகிறதா, விலகி ஓடுகிறதா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். போர் விமானத்திலிருந்து இன்னொரு விமானத்தின் மேல் ஏவப்படும் ஏவுகணையின் தூரமும் இதே வகையைச் சேர்ந்த அளவுதான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகத் தெளிவாகும்.

முதலில், நடுத்தர தூரம் என்றால் என்ன? வானில் உள்ள இலக்கை வானிலிருந்தே தாக்கும் ஏவுகணைகளை மூன்றாகப் பிரிப்பது வழக்கம். எதிரி விமானம் கண்ணுக்குத் தெரியும் அளவு நெருங்கிய பிறகு பயன்படுபவை குறுகிய தூரத்தவை. இவை பெரும்பாலும் எதிரியின் எஞ்சின் வெப்பத்தைத் தேடிப் போகின்றன. பத்துப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு போர் விமானம் வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிவதே அரிது. அதற்கு அப்பால், சில பத்து கிலோமீட்டர்களிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டம்வரை எட்டுபவை நடுத்தர தூர ஏவுகணைகள். அதற்கும் மேலே போவன நெடுந்தூர வகை. எல்லைக்கோடுகள் இப்போது பெரிதும் கலைந்துவிட்டன. நேற்று நடுத்தரம் என்று பெயர் பெற்ற ஏவுகணையின் புதிய வடிவம் இன்று நெடுந்தூர வகையை எட்டிப் பிடிக்கிறது. அமெரிக்காவின் ஆம்ராம், ரஷ்யாவின் ஆர்-77, பிரான்சின் மைக்கா, சீனாவின் பி.எல்.-12, இந்தியாவின் அஸ்திரா ஆகியவை இந்தக் குடும்பத்தில் அடிக்கடி கேள்விப்படும் பெயர்கள்.

இவை பெரிய பொருள்கள் அல்ல. ஆம்ராமின் நீளம் 3.66 மீட்டர், குறுக்களவு 178 மில்லிமீட்டர்; அதாவது விரித்த கைச் சாண் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. அஸ்திராவின் குறுக்களவும் அதுவே, எடை 154 கிலோ. மைக்கா இன்னும் சிறியது, 112 கிலோதான். ஒரு விமானம் இவற்றில் நான்கு, ஆறு, எட்டு என்று இறக்கையின் கீழ் தொங்கவிட்டுக்கொண்டு பறக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். அந்தச் சாண் அகலத்துக்குள் முன்னால் ஒரு குட்டி ரேடார், அதன் பின்னால் கணினியும் திசையறி கருவிகளும், பிறகு இருபது கிலோ அளவிலான வெடிமுனை, அதற்குப் பின்னால் ராக்கெட் மோட்டார், கடைசியில் திசைதிருப்பும் சிறகுகள் என்று எல்லாம் அடங்கியாக வேண்டும்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்ல வரும் செய்தி. அந்த ராக்கெட் மோட்டார் இலக்கை அடையும்வரை எரிவதில்லை. பெரும்பாலான நடுத்தர தூர ஏவுகணைகளில் அது சில நொடிகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளில் ஏவுகணை ஒலியின் வேகத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தை எட்டிவிடும். அதன் பிறகு உந்துவதற்கு ஒன்றுமில்லை. வீசி எறிந்த கல்லைப்போல, கையில் இருக்கும் வேகத்தைச் செலவழித்துக்கொண்டே அது பறக்கிறது. பயணத்தின் பெரும்பகுதி இப்படித்தான். காற்று அதன் வேகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இன்னும் கொஞ்சம் வேகம் குறையும். இலக்கை அடையும் நேரத்தில் மிச்சமிருக்கும் வேகம் போதவில்லை என்றால், இலக்கு ஒரு கூர்மையான வளைவு எடுத்ததும் ஏவுகணையால் கூடவே வளைய முடியாது. ஏவுகணை என்றதும் விடாமல் துரத்தும் வேட்டைநாயை நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு முறை மட்டும் நிரப்பிய பணப்பையோடு புறப்பட்ட பயணி. வழியில் எவ்வளவு சிக்கனமாகச் செலவு செய்தது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

அந்தச் செலவைக் குறைக்க முதல் வழி உயரம். 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் கால்வாசிதான். அடர்த்தி குறைந்தால் எதிர்ப்பும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே உயரத்தில் ஏவினால் வெகுதூரம் போகும் ஏவுகணை, தாழ்வில் ஏவினால் அதில் ஒரு சிறு பங்கு தூரத்துக்குள்ளேயே மூச்சு வாங்கிவிடுகிறது. தொலைவில் உள்ள இலக்கின் மேல் ஏவும்போது ஏவுகணை நேராகப் போகாமல் முதலில் மேல்நோக்கி ஏறி, மெல்லிய காற்றில் பயணம் செய்து, கடைசியில் மேலிருந்து இறங்குவதும் இதனால்தான். ஏவும் விமானத்தின் வேகமும் ஏவுகணைக்குக் கிடைக்கும் இலவச முதல். ஓடிவந்து எறிகிறவரின் கல் கூடுதல் தூரம் போகும் அல்லவா, அதே கணக்கு.

அடுத்தது இலக்கு எந்தப் பக்கம் போகிறது என்பது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் எளிமைக்காக நானே எடுத்துக்கொண்டவை. ஒரு ஏவுகணை 80 நொடிகளில் 60 கிலோமீட்டர் தூரம் பயனுள்ள வேகத்தோடு பறக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதிரி விமானம் உயர்வானில் ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில், அதாவது நொடிக்கு 265 மீட்டர் வீதம் பறக்கிறது. 80 நொடிகளில் அது 21 கிலோமீட்டர் கடக்கும். அது நம்மை நோக்கி வருகிறது என்றால் 81 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போதே ஏவலாம். மிச்ச 21 கிலோமீட்டரை அதுவே நடந்து வந்து தருகிறது. அதே விமானம் முதுகைக் காட்டி ஓடுகிறது என்றால் 39 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பிடிக்க முடியும். ஏவுகணை ஒன்றே, உயரம் ஒன்றே, இலக்கும் ஒன்றே. தூரம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. விளம்பரத் தாளில் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் இந்த 81 போன்றது: இருவரும் உயரத்தில், இருவரும் வேகமாக, நேருக்கு நேர், இலக்கு கடைசிவரை திசை மாறாமல்.

எதிரே இருப்பவரும் விமானிதான், அவரும் திரும்புவார். ஏவுகணை வருகிறது என்று தெரிந்ததும் அவர் செய்யக்கூடிய மிக எளிய செயல் திரும்பி ஓடுவது. 81 கிலோமீட்டரில் ஏவிய ஏவுகணை அப்போது பாதி வழியில் பணம் தீர்ந்து நின்றுபோகும். அதனால் விமானிகள் உண்மையில் மதிக்கும் எண் வேறொன்று: ஏவிய கணத்திலேயே இலக்கு திரும்பி முழு வேகத்தில் ஓடினாலும் தப்ப முடியாத தூரம். தப்ப இயலா வட்டம் என்று இதைச் சொல்லலாம். இது அச்சிட்ட எண்ணைவிட மிகவும் சிறியது, இதை வெளியே சொல்வதும் அரிது.

இதுவரை சொன்னது வலிமையைப் பற்றி. இனி பார்வை.

ஏவுகணையின் மூக்கில் இருக்கும் ரேடார் ஏன் நூறு கிலோமீட்டர் தொலைவைப் பார்ப்பதில்லை? ரேடார் தன் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. போகும்போதும் அலை பரவி மெலிகிறது, திரும்பும்போதும் பரவி மெலிகிறது. ஆகவே தூரம் இரு மடங்கானால் திரும்பி வரும் வலிமை பதினாறில் ஒன்றாகிவிடும். நான்கு மடங்கானால் 256இல் ஒன்று. ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிய ஆன்டெனாவும் குறைந்த மின்சக்தியும் கொண்ட ஏவுகணை ரேடாரால் சுமார் 15, 20 கிலோமீட்டருக்குள்தான் நம்பத்தகுந்த வகையில் பார்க்க முடிகிறது. அதுவரை அது எப்படி வழி கண்டுபிடித்துப் போகும் என்பதுதான் இந்தத் துறையின் பழைய சிக்கல்.

முதல் தலைமுறைகள் கண்ட விடை: ஏவுகணையில் அலைபரப்பியே வேண்டாம், கேட்கும் காது மட்டும் போதும். விமானத்தின் பெரிய ரேடார் இலக்கின் மேல் ஒளிவிளக்கைப்போல அலையைப் பாய்ச்சிக்கொண்டே இருக்கும். இலக்கில் பட்டுத் தெறிக்கும் அலையைப் பிடித்துக்கொண்டு ஏவுகணை போகும். அமெரிக்காவின் ஸ்பாரோவும் சோவியத் ஒன்றியத்தின் ஆர்-27இன் முதன்மை வகையும் இப்படிப்பட்டவை. இதில் உள்ள இடர் வெளிப்படை. ஏவுகணை இலக்கைத் தாக்கும்வரை விளக்கைப் பிடித்திருக்கும் விமானம் வேறு பக்கம் திரும்ப முடியாது. எதிரியை நோக்கியே பறந்துகொண்டிருக்க வேண்டும்.

வியட்நாம் போரில் இந்தக் குறை கொடுமையாக வெளிப்பட்டது. ஏவுகணைக் காலம் வந்துவிட்டது, இனித் துப்பாக்கி எதற்கு என்ற நம்பிக்கையில் அமெரிக்காவின் எஃப்-4 பேண்டம் விமானத்தின் தொடக்க வகைகளில் உள்ளே துப்பாக்கியே வைக்கவில்லை. ஆனால் ஏவப்பட்ட ஸ்பாரோக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் இலக்கைத் தொட்டது. வெப்பமும் ஈரமும் மின்னணுப் பாகங்களைக் கெடுத்தன. பெரும் குண்டுவீச்சு விமானங்களைத் தொலைவிலேயே வீழ்த்துவதற்காக உருவான ஏவுகணை, சுழன்று வளையும் வட வியட்நாமின் சிறிய மிக் விமானங்களின் மேல் ஏவப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிரியைக் கண்ணால் கண்டு உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்ற விதி பெரும்பாலும் இருந்தது. கண்ணுக்கு எட்டாத தூரத்துக்காகச் செய்த கருவியைக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பயன்படுத்த வேண்டியதாயிற்று. இந்தத் தோல்வி வீண்போகவில்லை. ஸ்பாரோவின் மேம்பட்ட வகைதான் 1991 வளைகுடாப் போரில் வான்சண்டையில் வீழ்ந்த ஈராக் விமானங்களில் பாதிக்கு மேல் வீழ்த்தியது.

இன்றைய ஏவுகணைகள் அந்தப் பயணத்தை மூன்று கட்டமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஏவும் முன்பே, இலக்கு இப்போது எங்கே, எவ்வளவு வேகம், எந்தத் திசை என்பதை விமானம் ஏவுகணையின் கணினிக்குச் சொல்லிவிடுகிறது. ஏவுகணை தன் உள்ளே உள்ள திசையறி கருவிகளை நம்பி, இலக்கு இருக்கப்போகும் இடத்தை நோக்கிக் கண்மூடிப் பறக்கிறது. இடைவழியில், இலக்கு திரும்பிவிட்டது, இப்போது இங்கே இருக்கிறது என்று விமானம் வானொலி இணைப்பு வழியாகத் திருத்தம் அனுப்புகிறது. கடைசிக் கட்டத்தில் ஏவுகணை தன் சொந்த ரேடாரை இயக்கி, இலக்கைத் தானே பிடித்துக்கொள்கிறது. மேற்கத்திய விமானிகள் இந்த வகையை ஏவும்போது வானொலியில் ‘ஃபாக்ஸ் த்ரீ’ என்கிறார்கள். ஸ்பாரோ வகைக்கு ‘ஃபாக்ஸ் ஒன்’, வெப்பம் தேடும் வகைக்கு ‘ஃபாக்ஸ் டூ’. ஏவுகணையின் சொந்தக் கண் திறந்துவிட்டது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘பிட்புல்’. ஆம்ராம் 1991இல் பணியில் சேர்ந்தது. 1992 டிசம்பர் 27 அன்று தெற்கு ஈராக்கில், பறக்கத் தடைவிதிக்கப்பட்ட பகுதியில், அமெரிக்காவின் எஃப்-16 ஒன்று ஈராக்கின் மிக்-25 ஒன்றை வீழ்த்தியதுதான் அதன் முதல் வெற்றி.

இதைக் கண்டுதான் ‘ஏவிவிட்டு மறந்துவிடலாம்’ என்ற பேச்சு பரவியது. அது முழு உண்மையல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடைவழித் திருத்தம் இல்லாமலும் ஏவலாம். ஆனால் இலக்கு நடுவில் திசை மாறிவிட்டால், ஏவுகணை கண் திறக்கும்போது எதிரே வெற்று வானம்தான் இருக்கும். ஆகவே ஏவிய விமானம் அந்தக் கண் திறக்கும்வரையாவது துணை நிற்க முயல்கிறது. நேராகப் போகாமல், இலக்கைத் தன் ரேடார் பார்வையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளும் அளவுக்குப் பக்கவாட்டில் திரும்பிப் பறக்கிறது. ஏவுகணைக்குச் செய்தியும் போகிறது, எதிரியை நெருங்கும் வேகமும் குறைகிறது. எதிர்ப்பக்கத்து விமானியும் இதையேதான் செய்துகொண்டிருப்பார். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் எதிரெதிரே வரும் இரு விமானங்களுக்கு நடுவே நிமிடத்துக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி குறைந்துகொண்டே போகும் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த முடிவுகளை எடுக்க எவ்வளவு நேரம் இருக்கும் என்பது புரியும்.

ஏவுகணை எந்தப் பாதையில் போகிறது? இலக்கு இப்போது இருக்கும் இடத்தை நோக்கிப் போனால் எப்போதும் அதன் வாலைத்தான் துரத்திக்கொண்டிருக்கும். மாலுமிகளுக்கு ஒரு பழைய விதி தெரியும்: கடலில் வரும் இன்னொரு கப்பல் ஒரே கோணத்தில் தெரிந்துகொண்டே பெரிதாகிறது என்றால் மோதல் நிச்சயம், உடனே விலகு. ஏவுகணை இந்த விதியைத் தலைகீழாகக் கடைப்பிடிக்கிறது. இலக்கு தெரியும் கோணம் மாறினால், அந்த மாற்றம் நிற்கும்வரை தன் பாதையைத் திருப்புகிறது. கோணம் நிலைத்துவிட்டால் இருவரும் ஒரே புள்ளியில் சந்திப்பார்கள். இத்தனை எளிய ஒரு விதி இவ்வளவு சிக்கலான கருவியின் நடுவில் இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

நேரடியாக மோத வேண்டிய தேவையும் இல்லை. சந்திக்கும் வேகம் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்றால், ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் ஒரு மீட்டர் கடந்துவிடும். அதனால் அருகே வந்ததும் தானே உணர்ந்து வெடிக்கவைக்கும் கருவி ஒன்று உண்டு. வெடிமுனை சிதறி, வேகமாகப் பாயும் உலோகத் துண்டுகள் விமானத்தின் எஞ்சினையோ எரிபொருள் கலத்தையோ துளைக்கின்றன.

தப்பிக்க நினைப்பவருக்கும் இயற்பியல் துணை நிற்கிறது. நெருங்கி வரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று உயர்ந்திருக்கும். இந்த டாப்ளர் விளைவைக் கொண்டுதான் ரேடார், அசையாத தரையிலிருந்து வரும் எதிரொலியையும் நகரும் விமானத்தையும் பிரித்தறிகிறது. இலக்கு விமானம் ஏவுகணைக்குச் சரியாகக் குறுக்கே பறந்தால், நெருங்கும் திசையில் அதற்கு வேகமே இருக்காது. தாழ்வாகப் பறந்தால் அது தரையின் எதிரொலிக்குள் கலந்துவிடக்கூடும். கூடவே மெல்லிய உலோகப் பூச்சு இழைகளைத் தூவி பொய் எதிரொலிகளை உண்டாக்கலாம். மின்னணு முறையில் ரேடாரைக் குழப்பவும் முடியும், அதற்கு மறுமொழியாக, குழப்பும் அலையையே வழிகாட்டியாகக் கொண்டு அதன் ஊற்றை நோக்கிப் பாயும் ஏவுகணைகளும் உண்டு. தாழ்வில் இறங்குவதில் இன்னொரு பயனும் இருக்கிறது: அங்கே காற்றின் அடர்த்தி அதிகம், ஏவுகணையின் பணப்பை விரைவில் காலியாகும்.

அந்தப் பணப்பையைப் பெரிதாக்காமலே செலவை மாற்றியமைக்கும் முயற்சிதான் அண்மைக் காலத்தின் பெரிய முன்னேற்றம். ஐரோப்பாவின் ஆறு நாடுகள் சேர்ந்து உருவாக்கிய மீட்டியார் ஏவுகணை 2016இல் சுவீடனின் கிரிபன் விமானத்தில் முதலில் பணிக்கு வந்தது. அதில் சாதாரண ராக்கெட் தொடக்கத்துக்கு மட்டும். பிறகு வெளிக்காற்றை உள்ளிழுத்து எரியும் எஞ்சின் வேலை செய்கிறது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைச் சுமக்காமல் வழியிலேயே எடுத்துக்கொள்வதால், அதே எடையில் நெடுநேரம் உந்த முடிகிறது. உந்துதலைக் கூட்டவும் குறைக்கவும்கூட முடியும். அதனால் கடைசிக் கட்டத்திலும் ஏவுகணையிடம் வலு இருக்கிறது. தப்ப இயலா வட்டம் விரிகிறது. இன்னொரு வழி, மோட்டாரின் எரிபொருளை இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டாம் பங்கைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்வது. இரண்டு வழிகளுமே சொல்வது ஒன்று: தூரத்தின் எண்ணைக் கூட்டுவதைவிட, போய்ச் சேரும்போது கையில் இருக்கும் வேகத்தைக் கூட்டுவதே பெரிது.

ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது அதுதான். 80 கிலோமீட்டருக்கு அப்பால் ரேடார் திரையில் தெரியும் அந்தப் புள்ளி யார்? எதிரியா, நம்மவரா, பயணிகள் விமானமா? இதற்கென்று கேள்வியலை ஒன்றை அனுப்பி, ரகசியக் குறியீட்டில் பதில் வாங்கும் கருவி விமானங்களில் இருக்கிறது. ஆனால் பதில் வராதது எதிரி என்பதற்குச் சான்றாகாது. கருவி பழுதாகியிருக்கலாம், தவறான குறியீடு வைத்திருக்கலாம். எதிரே வரும் விமானத்தின் எஞ்சின் விசிறிகள் சுழலும்போது ரேடார் அலையில் ஏற்படுத்தும் சிறு அதிர்வைக் கொண்டு அது எந்த வகை விமானம் என்று கண்டறியும் முறையும் உண்டு. தொலைவிலிருந்து கண்காணிக்கும் பெரிய ரேடார் விமானங்களும் உதவுகின்றன.

இத்தனை இருந்தும் 1994 ஏப்ரல் 14 அன்று வடக்கு ஈராக்கின் வானில், தெளிந்த பகல் வெளிச்சத்தில், அமெரிக்காவின் இரண்டு எஃப்-15 விமானங்கள் அதே அமெரிக்காவின் இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை எதிரியுடையவை என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தின. கண்காணிப்பு ரேடார் விமானம் வானில் இருந்தது. அடையாளக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. விமானிகள் அருகில் சென்று கண்ணாலும் பார்த்தார்கள், பார்த்தும் தவறாகவே அடையாளம் கண்டார்கள். ஹெலிகாப்டர்களில் இருந்த 26 பேரும் உயிரிழந்தார்கள். ஒரு ஹெலிகாப்டரின் மேல் ஏவப்பட்டது குறுகிய தூர வெப்பத் தேடல் ஏவுகணை. மற்றொன்றின் மேல் ஏவப்பட்டது ஆம்ராம்.